எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற: ஆர்.டி.ஓ. மனு முதல் பட்டா வரை

பெற்றவர்கள் வீட்டை மகன் பேருக்கோ மகள் பேருக்கோ செட்டில்மென்ட் (காசு வாங்காமல் சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு அதே வீட்டின் பின்கட்டில், மாத்திரை வாங்கக்கூடக் கேட்டு நிற்கும் நிலை வருகிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி யாராவது இருந்தால் இதைப் படியுங்கள். என் பெரியம்மாவுக்காக நான் சார்பதிவாளர் ஆபீஸ், வங்கி, கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீஸ் என்று அலைந்ததில் தெரிந்துகொண்டவை இவை. எந்த ஆபீசிலும் முழு வழியையும் ஒரே இடத்தில் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு துண்டுதான் கிடைத்தது.

சட்டத்தின் பெயர், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. மனுவில் இந்தப் பெயரை முழுதாக எழுதுங்கள். 60 வயது நிறைந்த எவரும் இதன்கீழ் மனு கொடுக்கலாம். பெற்றோர் என்றால் 60 ஆகியிருக்க வேண்டியதில்லை. வளர்ப்புத் தாய் தந்தையும், மாற்றாந்தாயும் இதில் அடக்கம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் வாரிசு உறவினர் மேல் மனு கொடுக்கலாம். பேரன் பேத்தி மேலும் கொடுக்கலாம், அவர்களுக்கு 18 வயது முடிந்திருந்தால் போதும்.

1. மனுவுக்கு முன்னால் வங்கிக்குப் போங்கள்

எல்லாரும் நேராக வக்கீலிடமோ காவல் நிலையத்துக்கோ ஓடுகிறார்கள். அதற்குள் இன்னொரு மாத பென்ஷன் போய்விடும். பெரியம்மாவின் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வாங்கியபோதுதான் விஷயம் கண்ணில் பட்டது: குடும்ப ஓய்வூதியம் வரவு, அடுத்த நாளே ஏ.டி.எம். எடுப்பு, மீதி நூற்றுச் சொச்சம். மாதா மாதம் இதே மூன்று வரிதான். பெரியம்மா ஏ.டி.எம். அறைக்குள் கால் வைத்ததே கிடையாது.

பெரியவரைக் கூடவே அழைத்துக்கொண்டு போய், மேலாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டியவை:

- ஏ.டி.எம். அட்டையை முடக்க வேண்டும். வேறொருவர் போனில் ஓடும் யு.பி.ஐ., நெட் பேங்கிங்கையும் நிறுத்த வேண்டும்.
- கணக்கோடு இணைத்த மொபைல் எண்ணை மாற்ற வேண்டும். இதுதான் மிக முக்கியம். மகனின் எண் இருக்கும்வரை ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும்.
- குறைந்தது ஓராண்டுக்கான கணக்கு அறிக்கை வேண்டும். பிறகு மனுவோடு இணைக்க இது உதவும்.

கூட்டுக் கணக்காக இருந்தால் ஒரு பொறி இருக்கிறது. 'இருவரில் யாரேனும் ஒருவர்' என்ற முறையில் திறந்த கணக்கில், தகராறு என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடும்வரை வங்கி கணக்கையே நிறுத்தி வைக்கலாம். அப்போது பென்ஷனும் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் பெரியவர் பெயரில் மட்டும் ஒரு தனிக் கணக்கு திறந்து, பென்ஷனை அதற்கு மாற்றக் கடிதம் கொடுத்துவிடுங்கள். பழைய கணக்கின் தகராறு பிறகு இருக்கட்டும்.

கைரேகை வைத்து ஆதார் மூலம் பணம் எடுக்கும் வழியும் உண்டு. கிராமத்தில் சின்ன மெஷினோடு வருபவர்களிடம் விரல் வைக்கச் சொல்லி எடுப்பது அப்படித்தான். ஆதார் இணையதளத்திலோ ஆதார் செயலியிலோ கைரேகையைப் பூட்டிவைக்கலாம், காசு கிடையாது. தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

உறவுக்காரர் இல்லாமல், முகம் தெரியாத ஆள் போனில் மிரட்டியோ லிங்க் அனுப்பியோ பணத்தைப் பறித்திருந்தால் அதற்கு வழி வேறு. உடனே 1930-க்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதியுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் நிறுத்தினால்தான் உண்டு. இந்தக் கட்டுரை வீட்டுக்குள் நடக்கும் பறிப்பைப் பற்றியது.

2. காகிதங்களைத் திரட்டுங்கள்

செட்டில்மென்டின் அசல் பத்திரம் உங்கள் கையில் இருக்காது. அது மகனின் பீரோவில் இருக்கும். கவலை வேண்டாம், அது இல்லாமலும் நடக்கும்.

செட்டில்மென்ட் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்குப் பதிவுத்துறை இணையதளத்திலோ சார்பதிவாளர் ஆபீசிலோ விண்ணப்பியுங்கள். பத்திர எண், வருடம், சார்பதிவாளர் ஆபீஸ் பெயர் மூன்றும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலில் வில்லங்கச் சான்று பாருங்கள். இணையதளத்தில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சர்வே எண்ணும் கிராமமும் போட்டால் யார் யாருக்கு எழுதியது, எப்போது, எந்த எண் என்று வரிசையாக வரும். மனுவோடு இணைக்க மட்டும் கையொப்பமிட்ட வில்லங்கச் சான்றைக் கட்டணம் கட்டி வாங்குங்கள்.

வில்லங்கத்தில் எதிர்பாராத வரிகள் வரும், தயாராக இருங்கள். எழுதி வாங்கியவர் அந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருக்கலாம், மனைவி பெயருக்கு மாற்றியிருக்கலாம், பொது அதிகாரப் பத்திரம் (பவர்) கொடுத்திருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் மனுவின் வடிவம் மாறும். அந்த ஆளையும் வங்கியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டியிருக்கும். அதனால் மனு எழுதும் வாரத்தில் வில்லங்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மற்றவை:

- ஆதார், வயதுக்கான சான்று
- பழைய தாய்ப் பத்திரத்தின் நகல். வீடு பெரியவரின் சொந்தச் சம்பாத்தியம் அல்லது அவர் பெயரில் இருந்தது என்று காட்ட இது தேவை.
- பட்டா நகல், வீட்டுவரி ரசீது, மின் கட்டண ரசீது
- மருத்துவச் சீட்டுகள், மருந்துக் கடை பில்கள். யார் காசு கொடுத்தார் என்பதையும் பில்லின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.
- வங்கி அறிக்கை
- காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அதை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது
- எதிர்மனுதாரர்களின் சரியான முகவரி. இதில் பிழை வந்தால் நோட்டீஸ் திரும்பி வந்து மாதங்கள் வீணாகும்.

நகைகள் போயிருந்தால் பழைய கல்யாண போட்டோக்களில் அவை தெரிகிறதா பாருங்கள். பெரியவர் பெயரில் இருந்த நகை யார் பெயரிலாவது அடகில் இருந்தால் அந்தச் சீட்டின் போட்டோவும் உதவும்.

3. பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள்

முழு வழக்கும் இங்கேதான் இருக்கிறது. நகல் கைக்கு வந்ததும் யாராவது ஒருவர் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். பெரியம்மா பத்திரத்தில் இருந்தது இந்த வகைதான்: 'தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று தொடங்கி, சொத்தை இன்றே சுவாதீனம் (அனுபவிக்கும் பொறுப்பு) ஒப்படைத்ததாகச் சொல்லி, 'இந்த செட்டில்மெண்டை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை' என்று முடியும். பத்திர எழுத்தரின் கணினியில் ஏற்கெனவே இருக்கும் வாசகம். பெயரும் சர்வே எண்ணும்தான் மாறும். பெரியம்மாவுக்கு யாரும் இதைப் படித்துக் காட்டவில்லை.

சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்வது இது. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு மூத்த குடிமகன், தன் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்ய மறுத்தால், அந்தப் பத்திரம் மோசடியாலோ கட்டாயத்தாலோ தகாத செல்வாக்காலோ எழுதப்பட்டதாகவே கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் பராமரிப்புத் தீர்ப்பாயம் (கோட்டாட்சியர்தான் அது, கீழே வருகிறது) அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். வாங்கியவர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு கேட்கவில்லை.

சிக்கல் 'நிபந்தனையோடு' என்ற சொல்லில்தான். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்பதை மனுதாரர் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், இது முதியவர்களின் நலனுக்கான சட்டம், அந்த நோக்கத்தை ஒட்டித்தான் பொருள் கொள்ள வேண்டும் என்றும், சொத்தின் சுவாதீனத்தைத் திருப்பித் தர உத்தரவிடவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அன்பின் பேரிலும் பிரியத்தின் பேரிலும் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் கவனிப்பார்கள் என்ற நிபந்தனை உள்ளடங்கியே இருக்கிறது, அது தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை என்றது.

இதில் உங்களுக்கு ஆக வேண்டியது என்ன? பத்திரத்தில் 'ஆயுள் உள்ளவரை பராமரித்து வர வேண்டும்' என்று ஒரு வரி இருந்தால் அதை மனுவில் அப்படியே மேற்கோள் காட்டுங்கள். இல்லாவிட்டால், அன்பு பிரியம் வாசகத்தைக் காட்டி, 'கடைசிவரை கவனிப்பான் என்று அவன் வாக்குக் கொடுத்ததை நம்பியே எழுதினேன்' என்று மனுவில் கட்டாயம் எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியம் விட்டுப்போன மனுக்கள், பிறகு உயர் நீதிமன்றம்வரை போய் அடி வாங்குகின்றன. யார் முன்னால் அந்த வாக்கு சொல்லப்பட்டது என்றும் எழுதுங்கள்.

விற்பனைப் பத்திரமாக எழுதி வாங்கியிருந்தால் கதை கொஞ்சம் கடினம். பணம் உண்மையில் கைமாறவில்லை என்பதை வங்கிக் கணக்கைக் கொண்டு காட்ட வேண்டியிருக்கும்.

4. எந்தக் கதவு

முதலில், தட்டக் கூடாத கதவு. 'ரத்துப் பத்திரம் போட்டுடலாம்மா' என்று சொல்லும் பத்திர எழுத்தரிடம் பணம் கொடுக்காதீர்கள். எழுதி வாங்கியவர் கையெழுத்து இல்லாமல் கொடுத்தவர் மட்டும் தனியாகப் போய்ச் செட்டில்மென்டை ரத்து செய்ய முடியாது. சார்பதிவாளர் அப்படிப் பதியக் கூடாது என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பத்திரத்திலேயே ரத்து செய்யும் உரிமையை வைத்திருந்தால் மட்டும் நிலைமை வேறு.

சரியான கதவு, வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸ். சில ஊர்களில் அவர் சப்-கலெக்டராக இருப்பார். அவர்தான் பராமரிப்புத் தீர்ப்பாயம். தாசில்தார் ஆபீசிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கொடுத்தால் அந்த மனு சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும், தாமதமாக. பெரியவர் இப்போது தங்கியிருக்கும் ஊரிலோ, முன்பு கடைசியாக இருந்த ஊரிலோ, பிள்ளை இருக்கும் ஊரிலோ மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. சொத்து பற்றிய கோரிக்கை இருந்தால் சொத்து இருக்கும் கோட்டத்திலேயே கொடுப்பது நடைமுறையில் சுலபம். உத்தரவை நிறைவேற்றும் தாசில்தாரும் சார்பதிவாளரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பவர்களும் உண்டு. அங்கே ஒரு எண் கிடைக்கும், அதுவரை நல்லது. ஆனால் மனு பிறகு கோட்டாட்சியருக்குத்தான் அனுப்பப்படும். நேரே கோட்டாட்சியரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குவதே என் கருத்தில் மேல்.

அடி உதை, மிரட்டல், வீட்டைவிட்டு வெளியே தள்ளுதல் என்றால் காவல் நிலையமும் வேண்டும். கவனிக்க வேண்டியவரே முதியவரைக் கைவிடுவது 24-ஆம் பிரிவின்படி மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம். 'குடும்ப விஷயம், பேசித் தீத்துக்குங்க' என்று அனுப்பப் பார்த்தால், சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

பாதிக்கப்பட்டவர் தாயாக இருந்தால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். மகன் மேலேயே வசிப்பிட உத்தரவு கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். தொலைபேசி 15100. முதியோருக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

இன்னொரு பொறி: மாதப் பராமரிப்புத் தொகைக்கு இந்தச் சட்டத்திலும் கேட்கலாம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) மாஜிஸ்திரேட்டிடமும் கேட்கலாம், ஆனால் இரண்டிலும் கேட்க முடியாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் ஒரு வக்கீல் ஏற்கெனவே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போட்டுவிட்டாரா என்று முதலில் விசாரியுங்கள்.

5. மனு எழுதும் விதம்

இரண்டு மூன்று பக்கம் போதும். அழுகையை எழுதாதீர்கள், தேதியை எழுதுங்கள். 'என்னைக் கொடுமைப்படுத்துகிறான்' என்பதற்குப் பதிலாக, 'பொங்கலுக்குப் பிறகு எனக்குத் தனியாகச் சமைத்துக்கொள்ளச் சொல்லி, கேஸ் அடுப்பை எடுத்துப் பூட்டிவிட்டார்' என்று எழுதினால் விசாரிக்கும் அதிகாரிக்குக் கேட்க ஒரு கேள்வி கிடைக்கிறது.

கடைசியில் கோரிக்கைகளை எண் போட்டுத் தனித்தனியாக எழுதுங்கள். கேட்காததைத் தீர்ப்பாயம் கொடுக்காது.

(அ) இன்ன தேதி, இன்ன எண் செட்டில்மென்ட் பத்திரத்தை 23-ஆம் பிரிவின்படி செல்லாது என அறிவிக்க வேண்டும்.
(ஆ) வீட்டின் சுவாதீனத்தை என்னிடம் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும்.
(இ) மாதம் இவ்வளவு பராமரிப்புத் தொகை தர உத்தரவிட வேண்டும். சட்டப்படி உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். மருந்து, வாடகை, சாப்பாடு என்று கணக்குப் போட்டு எழுதுங்கள்.
(ஈ) விசாரணை முடியும்வரை இடைக்கால உதவித்தொகை தர வேண்டும். இதைப் பலர் கேட்பதே இல்லை. ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது.
(உ) விசாரணை முடியும்வரை சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என உத்தரவிட வேண்டும்.

மனுவின் நகல் ஒன்றை, பத்திர எண்ணும் சர்வே எண்ணும் குறிப்பிட்டு, சார்பதிவாளருக்கும், சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். அவர் அதைக் கொண்டு பதிவை நிறுத்திவிடுவார் என்று உறுதி இல்லை. ஆனால் பின்னால் யாராவது 'எனக்குத் தகராறு தெரியாது' என்று வாங்கினால், சொல்ல உங்களிடம் ஒரு காகிதம் இருக்கும்.

பெரியவரால் வர முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவர் அல்லது ஒரு தொண்டு நிறுவனம் மனு கொடுக்கலாம். தகவல் தெரிந்தால் தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். அதிகாரக் கடிதத்தில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கும்போது, கூடவே மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த மனுவே அவங்களுக்குத் தெரியாது, இவங்க சொல்லிக்கொடுத்துப் போட்டது' என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும்.

6. விசாரணை நாள்

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம் என்பது சட்டம். நடைமுறையில் கோட்டாட்சியர் முகாம், தேர்தல் வேலை, மாற்றல் என்று தள்ளிப் போகும். ஜாதிச் சான்றுக்கும் நில எடுப்புக்கும் வந்தவர்கள் கூட்டத்தில் 80 வயதுக்காரரை நாள் முழுக்க உட்கார வைப்பார்கள். தண்ணீர், மாத்திரை, சாப்பாடு கையில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அடுத்த வாய்தா தேதியைப் பிரிவு எழுத்தரிடம் எழுதி வாங்குங்கள். 'போன் பண்ணுவோம்' என்பதை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்.

வக்கீல் ஆஜராகக் கூடாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. சில உயர் நீதிமன்றங்கள் அதற்கு மாறாகவும் தீர்ப்பளித்திருக்கின்றன. எதிர்த்தரப்பு வக்கீலோடு வந்தால், எங்களுக்கும் அதே வாய்ப்பு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பெரியவர் சார்பில் பேச, பராமரிப்பு அலுவலரான மாவட்டச் சமூக நல அலுவலரையும் கேட்கலாம்.

சமரச அலுவலரிடம் அனுப்பினால் ஒரு மாதத்துக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். இங்கேதான் மிகப் பெரிய பொறி. அதிகாரி முன்னால் மகன் கண் கலங்குவான். 'நான் பாத்துக்கிறேன்னுதானே சார் சொல்றேன், எங்கம்மாவ நான் விட்டுடுவேனா' என்பான். அம்மாவும் உருகிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார். 'இனி நன்றாகக் கவனித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார், மனு முடித்து வைக்கப்படுகிறது' என்று எழுதிவிட்டால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. சமாதானத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் தொகை, ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், எந்த அறை யாருக்கு, மருத்துவச் செலவு யார், தவறினால் பத்திரம் ரத்து என்று எல்லாம் எழுத்தில் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். பெரியவரை வாசலிலேயே இதைச் சொல்லித் தயார்படுத்தி உள்ளே அனுப்புங்கள்.

மருமகள் வழியாக வரும் தடையும் உண்டு. கணவர் வீட்டில் வசிக்கும் உரிமை குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அவளுக்கு இருக்கிறது. முதியோர் சட்டத்தைக் கொண்டு அதை அப்படியே தட்டிவிட முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகனுக்கும் மருமகளுக்கும் உண்மையிலேயே தகராறு இருந்தால், அவளை வெளியேற்றுவதற்கு இந்த மனுவைக் கருவியாக்காதீர்கள். நியாயமும் இல்லை, நிற்கவும் நிற்காது.

7. உத்தரவு வந்த பிறகு

உத்தரவு கையில் கிடைத்ததும் பாதி வேலை பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிட்ட நகல்கள் சிலவற்றை ஒரேயடியாக வாங்கிவிடுங்கள். ஒன்றைச் சார்பதிவாளரிடம் கொடுத்து, வில்லங்கத்தில் வரும்படி பதிவு செய்யக் கேளுங்கள். இதைச் செய்யாவிட்டால் வில்லங்கத்தில் அந்தச் சொத்து இன்னும் மகன் பெயரில்தான் தெரியும், நாளைக்கே விற்கவும் முடியும். சில நாள் கழித்து வில்லங்கம் போட்டு, வந்துவிட்டதா என்று பாருங்கள். அடுத்தது தாசில்தார் ஆபீசில் பட்டா மாற்ற விண்ணப்பம். பிறகு வீட்டுவரி, மின் இணைப்பு, தண்ணீர் வரி. வீட்டைக் காலி செய்ய மறுத்தால், உத்தரவை நிறைவேற்றக் கோட்டாட்சியரிடமே மீண்டும் எழுத்தில் கேட்க வேண்டும். தாசில்தாரும் காவல்துறையும் அவர் சொன்னால்தான் வருவார்கள்.

மாதத் தொகை வராவிட்டால் காத்திருக்காதீர்கள். தொகை தர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்தால்தான் வாரன்ட் பிறப்பிக்க முடியும். காரணமில்லாமல் கட்டாதவருக்கு ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம். 'பாவம், தீபாவளி முடியட்டும்' என்று விட்ட மாதங்கள் அப்படியே போய்விடும்.

உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். உத்தரவு வந்த தேதியை உறையோடு பத்திரப்படுத்துங்கள். மனுவே மாதக்கணக்கில் நகராவிட்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது வழக்கமான வழிதான். சென்னையிலோ மதுரைக் கிளையிலோ போடலாம், உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தது.

8. எவ்வளவு செலவாகும்

தீர்ப்பாயத்துக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சான்றிட்ட நகல், வில்லங்கம், ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்பீட் போஸ்ட், ஆட்டோ ஆகியவைதான் உண்மையான செலவு. ஆட்டோதான் அதிகம். வயதானவரை பஸ்ஸில் கூட்டிப் போக முடியாது. 'ஆபீசில் சொல்லி முடித்துத் தருகிறேன்' என்று இடைத்தரகர் கேட்கும் பெரிய தொகைக்கு எந்த ரசீதும் இல்லை, எந்தப் பயனும் இல்லை.

சிவில் கோர்ட்டுக்குப் போனால் சொத்து மதிப்பைப் பொறுத்துக் கட்டணம், வக்கீல் ஃபீஸ், வருடங்கள். சொத்தை ஏற்கெனவே மூன்றாம் நபருக்கு விற்றுவிட்டிருந்தாலோ, பத்திரம் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன் எழுதியதாக இருந்தாலோ சிவில் வழக்கைத் தவிர்ப்பது கடினம். மோசடி தெரிய வந்ததிலிருந்து மூன்று ஆண்டு என்ற காலக்கெடு அங்கே உண்டு என்பதை மறக்காதீர்கள்.

9. இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு

'பின்னால பத்திரச் செலவு ஏறிடும், இப்பவே எழுதிடுங்க' என்றுதான் நெருக்குவார்கள். தமிழகத்தில் குடும்பத்துக்குள் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. 2023 ஜூலையில் வந்த ஏற்றம் இது. இவ்வளவுதான் அந்தச் செலவு. இதை மிச்சம் பிடிக்க வீட்டைக் கொடுப்பது கணக்கிலேயே வராது.

உயில் எழுதலாம். முத்திரைத் தீர்வை இல்லை, உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிடுங்கள். பயன் பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். சாட்சிகள் பெரியவரைவிட இளையவர்களாக இருப்பது நல்லது. நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்துப் பதியலாம்.

செட்டில்மென்ட்தான் என்று முடிவெடுத்தால், பத்திர எழுத்தரின் அச்சு வாசகத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ஆயுள்வரை வீட்டில் வசிக்கவும் வாடகை வாங்கவும் எனக்கே உரிமை, என் உணவு, உடை, மருத்துவம் அனைத்தையும் வாங்குபவர் கவனிக்க வேண்டும், தவறினால் ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு, என் ஆயுட்காலத்தில் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. 'இதெல்லாம் போட்டா பேங்க்ல லோன் குடுக்க மாட்டான்மா' என்று மகன் சொன்னால், லோன் எதற்கு என்று கேளுங்கள். கையெழுத்துக்கு முதல் நாளே வரைவை வாங்கி, இந்தச் சொத்தில் பங்கு இல்லாத ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் எதற்கு என்று கேட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் தனி அதிகாரமாகக் கொடுங்கள். ஏற்கெனவே பொது அதிகாரம் கொடுத்திருந்தால், அதைக் கொடுத்தவரே சார்பதிவாளர் ஆபீசில் ரத்துப் பத்திரம் பதிந்து, அதிகாரம் பெற்றவருக்கு ஸ்பீட் போஸ்டில் அறிவிப்பு அனுப்பலாம். செட்டில்மென்டுக்கு முடியாதது இங்கே பெரும்பாலும் முடியும், அதில் முகவருக்கே சொந்த உரிமை எதுவும் எழுதிக் கொடுக்காதவரை.